தெரியாத மொழியை அச்சிட்டவர்கள்

முதலிபாளையம் சிட்கோ தொழிற்பேட்டையில் லேபிள் அடிக்கும் பட்டறை ஒன்றில் நின்றுகொண்டிருந்தேன். நீளமான வெள்ளை நாடாவில் வரிசையாக ஸ்பானிய எழுத்துகள் விழுந்துகொண்டிருந்தன. எத்தனை சதவீதம் பருத்தி, எவ்வளவு சூட்டுத் தண்ணீரில் துவைக்கலாம், இஸ்திரி எப்படிப் போடுவது என்று எங்கோ மாட்ரிட்டில் பனியன் வாங்கப்போகிறவருக்கான சேதி அது. ஸ்க்ரீனைத் துடைத்துக்கொண்டிருந்தவரிடம் இது என்ன பாஷை என்று கேட்டேன்.

"அதெல்லாம் தெரியாதுங்ணா. ஆர்ட் ஒர்க்குல இருக்கறது அப்படியே வரோணும். இந்தா, இந்த எழுத்துக்கு மேல சின்னதா ஒரு கோடு இருக்குது பாருங்க. அது விட்டுப்போச்சுன்னா மொத்த லாட்டும் திரும்பி வந்துரும்."

அவர் விரல் வைத்துக் காட்டிய கோட்டைக் குனிந்து பார்த்தேன். தனக்குப் படிக்கத் தெரியாத ஒரு மொழியில், படிக்கத் தெரிந்தவன் குறை சொல்ல முடியாதபடி அச்சிடுகிற அந்தக் கவனத்தின்மேல் எனக்குப் பெரிய மரியாதை வந்தது.

முதலிபாளையம் திருப்பூருக்குக் கிழக்கே இருக்கிறது. பின்னலாடைக் கல்லூரியும் இங்கேதான். இந்த வட்டாரத்தில் ஒரு பனியன் ஒரே கூரையின் கீழ் பிறப்பது அபூர்வம். நூல் ஓரிடத்திலிருந்து வரும், நிட்டிங் வேறிடத்தில் ஓடும், துணி சாயப்பட்டறைக்குப் போகும், கட்டிங் முடிந்து பிரிண்டிங்குக்குப் போகும், பவர் டேபிளில் தையல், பிறகு செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒவ்வொன்றும் ஜாப் ஒர்க். ஒருவர் முகம் இன்னொருவருக்குத் தெரியாது. சட்டையின் கழுத்தில் ஏறுவது மட்டும் ஒரே ஒரு பெயர்.

அந்தப் பட்டறையில் உதவியாளாக இருந்த இளைஞருக்கு ஜார்க்கண்டின் குந்தி மாவட்டம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, ஞாயிற்றுக்கிழமை தங்கும் அறையிலேயே ஊர்க்காரர்கள் சேர்ந்து பாடி ஜெபிப்போம் என்றார். பையிலிருந்து ஒரு பாட்டுப் புத்தகத்தை எடுத்துக் காட்டினார். தேவநாகரி எழுத்து, அட்டை தேய்ந்து மூலை மடங்கியிருந்தது. அவர் கோஸ்னர் சபை, அதாவது லுத்தரன். 1845-இல் பெர்லினிலிருந்து கோஸ்னர் என்பவர் அனுப்பிய ஜெர்மானியர்கள் ராஞ்சியில் தொடங்கிய பணி, முண்டா, உராவ் மக்களிடையே வேர்விட்டு 1919-இல் தன்னாட்சி பெற்ற சபையாயிற்று. அதே 1919-இல்தான் இங்கே தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் உருவாயிற்று. இரண்டும் ஒரே குடும்பத்துச் சபைகள். ஆனாலும் அந்த இளைஞருக்குத் தமிழ் ஆராதனைப் புத்தகம் ஒரு வரி ஓடாது. நம் ஊர்ச் சபையாருக்கு அவருடைய புத்தகமும் ஓடாது.

மார்ட்டின் லூத்தரின் வழிவந்த சபைகளுக்குப் புத்தகமே உயிர். ஜனங்கள் தங்கள் பாஷையில் வேதத்தைத் தாங்களே வாசிக்க வேண்டும் என்பதில் தொடங்கிய இயக்கம் அது. அதனால்தான் போன இடமெல்லாம் அச்சுக்கூடம் தேடியிருக்கிறார்கள், கூட்டாளிகளையும் தேடியிருக்கிறார்கள். முதலிபாளையத்தில் நான் பார்த்த அந்த ஸ்பானிய மொழிக்கே இப்படி ஒரு கதை உண்டு. பிரான்சிஸ்கோ தெ என்சினாஸ் என்ற ஸ்பானியர் விட்டன்பர்கில், லூத்தரின் தோழர் மெலாங்தனின் வீட்டிலிருந்து புதிய ஏற்பாட்டை ஸ்பானிய மொழியில் பெயர்த்தார். 1543-இல் ஆன்ட்வெர்ப்பில் அச்சாயிற்று. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் கையில் அவரே நேரில் கொடுத்தார். அதற்குப் பரிசு சிறை. அடுத்து காசியோதோரோ தெ ரெய்னா. செவில்லியா மடத்தைவிட்டு ஓடி, ஊர் ஊராக ஒளிந்து, 1569-இல் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் முழு வேதாகமத்தையும் ஸ்பானிய மொழியில் வெளிக்கொண்டுவந்தார். கடைசிக் காலத்தில் அவர் லுத்தரன் போதகர். இருபதாம் நூற்றாண்டில் கதை அமெரிக்கக் கண்டத்துக்கு மாறுகிறது. தனித்தனியாகச் செய்தால் செலவு கட்டாது, எழுத ஆளும் கிடைக்காது என்ற நிலையில் அங்கே லுத்தரன் சபைகள் கைகோத்தன. 1964-இல் 'குல்தோ கிறிஸ்தியானோ' என்ற ஆராதனை, பாட்டுப் புத்தகம் அப்படித்தான் வந்தது. 1967 முதல் லூத்தரின் எழுத்துகள் ஸ்பானிய மொழியில் தொகுதி தொகுதியாக புவெனஸ் அயர்ஸில் வெளிவரத் தொடங்கின.

நமக்கு இந்தக் கதையின் தலைப்பகுதி தரங்கம்பாடியில் இருக்கிறது. போய்ப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

திருப்பூரிலிருந்து மயிலாடுதுறைக்கு ஜனசதாப்தி இருப்பது பெரிய வசதி. காலையில் ஏறினால் ஈரோடு, கரூர் தாண்டிக் காவிரியைத் துணைக்கு வைத்துக்கொண்டே வண்டி கிழக்கே போகிறது. திருச்சியில் நின்றபோது, தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையின் தலைமையகம் இந்த ஊரில்தான் என்பது நினைவுக்கு வந்தது. அதற்குப் பெயரே டிராங்குபார் ஹவுஸ். கடற்கரைத் தரங்கம்பாடியை ஐரோப்பியர் அழைத்த பெயர்தான் டிராங்குபார். தலைமையகம் உள்நாட்டுக்கு வந்த பிறகும் பெயர் கடற்கரையை விடவில்லை. அந்தச் சபையின் பேராயருக்கும் இன்றுவரை தரங்கம்பாடிப் பேராயர் என்றுதான் பட்டம். தஞ்சாவூரும் கும்பகோணமும் கடந்து மயிலாடுதுறையில் இறங்கியபோது வெயில் உச்சியில். ஒரு காலத்தில் இங்கிருந்து தரங்கம்பாடிவரை தண்டவாளம் இருந்தது. இப்போது பஸ்தான்.

தரங்கம்பாடி வாசலில் வெள்ளையடித்த நகர வாயில். அதைக் கடந்தால் ராஜ வீதி. 1620-இல் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்துகொண்டு டேனிஷ்காரர்கள் கட்டிய ஊர். வீதியின் முடிவில் டான்ஸ்போர்க் கோட்டை, அதற்கப்பால் கடல். வடக்கே, பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியை அலை ஏற்கெனவே கொண்டுபோய்விட்டது.

1706 ஜூலை 9-ஆம் தேதி இந்தக் கரையில் இரண்டு இளைஞர்கள் இறங்கினார்கள். பர்த்தலோமேயு சீகன்பால்கு, ஹென்ரிக் புளூட்சோ. அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். ஆனால் வந்தவர்கள் டேனிஷ்காரர்கள் அல்லர், ஜெர்மனியின் ஹாலே நகரத்தில் பிராங்கே என்ற பேராசிரியரின் பள்ளியில் வளர்ந்த ஜெர்மானியர்கள். தொடக்கத்திலேயே இரண்டு தேசம் சேர்ந்துவிட்டது. மூன்றாவதும் விரைவில் சேர்ந்தது. லண்டன் அரண்மனையில், ஆன் அரசியின் டேனிஷ் கணவருக்குக் குருவாக இருந்த போமே என்ற லுத்தரன் ஜெர்மானியர், சீகன்பால்குவின் கடிதங்களை ஆங்கிலத்தில் பெயர்த்து 1709-இல் வெளியிட்டார். அவை கிறிஸ்தவ அறிவு பரப்பும் சங்கம் என்ற ஆங்கிலிக்கன் அமைப்பின் கைக்குப் போயின. லுத்தரன் சபையும் ஆங்கிலிக்கன் சபையும் வேறு வேறு. திருவிருந்தைப் பற்றியும் ஆயர் பதவியைப் பற்றியும் ஒருவர் சொல்வதை மற்றவர் ஒப்ப மாட்டார்கள். ஆனாலும் தரங்கம்பாடிக்கு அச்சியந்திரம் வாங்கி அனுப்ப லண்டன் சங்கம் முன்வந்தது.

அந்த இயந்திரம் வந்து சேர்ந்த கதையை நான் பலமுறை படித்திருக்கிறேன். கோட்டைச் சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டே நினைத்தபோதுதான் அதன் கனம் புரிந்தது. இயந்திரம், காகிதம், ஆம்ஸ்டர்டாமில் அச்சான, அல்மெய்தா மொழிபெயர்த்த போர்த்துகீசியப் புதிய ஏற்பாடுகள், ஜோனாஸ் பிங்க் என்ற அச்சுத்தொழிலாளி எல்லாம் ஒரே கப்பலில் புறப்பட்டன. பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ அருகே கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கியது. மீட்புப் பணம் கொடுத்து விடுபட்டுப் பயணத்தைத் தொடர்ந்தால், நன்னம்பிக்கை முனைக்கு அருகில் பிங்க் காய்ச்சலில் இறந்துபோனார். 1712-இல் இயந்திரம் கரைக்கு வந்தது, ஓட்டத் தெரிந்தவர் வரவில்லை. டேனிஷ் கம்பெனிப் படையாட்களில் ஒருவருக்கு அச்சுவேலை தெரிந்திருந்தது நல்ல காலம்.

முதலில் அச்சேறியது போர்த்துகீசிய மொழி. காரணம் எளிது. சோழமண்டலக் கரையில் அப்போது பல இனத்தாரும் புழங்கிய கடைத்தெரு மொழி அது, ரோமன் எழுத்தும் கையில் இருந்தது. பிற்பாடு அல்மெய்தாவின் பழைய ஏற்பாட்டுப் பகுதிகளும் இதே அச்சுக்கூடத்திலிருந்து வெளிவந்தன. ஐபீரியத் தீபகற்பத்தில் இந்த நூல்களை அச்சிட்டால் தலை தப்பாது என்றிருந்த காலத்தில், காவிரிக் கழிமுகத்து ஓர் ஊரில் அவை அச்சாகிக்கொண்டிருந்தன. இந்த ஒரு செய்திக்காகவே தரங்கம்பாடியை ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் அறிந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

தமிழ் எழுத்து ஹாலேயில் வார்க்கப்பட்டது. இங்கிருந்து அனுப்பிய எழுத்து மாதிரிகளை வைத்துக்கொண்டு, தமிழ் ஒரு சொல் அறியாத கைவினைஞர்கள் சுழியும் கொம்பும் காலும் வெட்டினார்கள். அந்த எழுத்து 1713-இல் ஆட்லர் என்ற அச்சுக்காரரோடும் அவர் தம்பியோடும் வந்து இறங்கியது. எழுத்து நன்றாகவே இருந்தது, ஆனால் மிகப் பெரிது. அந்த அளவில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டால் கையிலிருந்த காகிதம் போதாது. கப்பலில் வர வேண்டிய காகிதத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்தை வார்த்தார்கள். லண்டனிலிருந்து பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களின் ஈயத்தையும் இதற்காக உருக்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. 1714-இல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் வெளிவந்தன. 1715-இல் புதிய ஏற்பாடு முழுமையடைந்தது. காகிதத் தட்டுப்பாட்டுக்கு முடிவுகட்ட அருகிலுள்ள பொறையாரில் காகித ஆலையும் வைத்தார்கள்.

தமிழில் இதுதான் முதல் அச்சு என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியல்ல. யேசு சபையைச் சேர்ந்த ஹென்ரிக் ஹென்ரிக்கஸ் 'தம்பிரான் வணக்கம்' நூலைக் கொல்லத்தில் அச்சிட்டது 1578-இல். தரங்கம்பாடியின் பெருமைக்கு அந்த முதலிடம் தேவையும் இல்லை. எழுத்து வார்ப்பு, காகிதம், மை, நூற்கட்டு என எல்லாம் ஒரே வட்டாரத்தில் நடந்து, தலைமுறை தலைமுறையாக விடாமல் ஓடிய தமிழ் அச்சுத்தொழில் இங்கேதான் நிலைபெற்றது.

சீகன்பால்கு குடியிருந்த வீட்டைச் சீரமைத்து 2017-இல் அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள். ஹாலேயின் பிராங்கே நிறுவனமும் இங்குள்ள திருச்சபையும் சேர்ந்து செய்த வேலை. நான் போனபோது கல்லூரி மாணவிகள் சிலர் வந்திருந்தார்கள். அவர்களில் ஒரு பெண் ஓலைச்சுவடிப் படத்தின் முன் வெகுநேரம் நின்றுவிட்டு, "அப்ப இவருக்குத் தமிழ் யாருண்ணா சொல்லிக்குடுத்தாங்க?" என்று காவலாளியிடம் கேட்டாள். அவளைக் கும்பிடத் தோன்றியது. நான் ஊரைவிட்டுப் புறப்பட்டதே அந்தக் கேள்விக்காகத்தான்.

சொல்லிக்கொடுத்தவர்கள் இருந்தார்கள். எழுபது வயதைத் தொட்ட ஒரு திண்ணைப் பள்ளி வாத்தியார், தம் மாணவர்களோடு சீகன்பால்குவின் வீட்டுக்கே வந்து பள்ளியை நடத்தினார். சீகன்பால்கு பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுத்துப் பழகினார். கம்பெனிக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்த அழகப்பன், போர்த்துகீசியம் முதலான பல ஐரோப்பிய மொழிகள் பேசியவர். சீகன்பால்குவுக்கு உதவியதன் விளைவாகச் சிறைவாசமும் ஊர்விலக்கும் அவருக்குக் கிடைத்தன. வாத்தியாரின் மகன் கணபதி, இலக்கியம் கற்றவர், செய்யுள் எழுதியவர். 1709-இல் சொந்தங்களின் எதிர்ப்பை மீறித் திருமுழுக்குப் பெற்றார். மலையப்பன் 1714-இல் சீகன்பால்குவோடு ஐரோப்பாவுக்கே கப்பலேறினார். பெயர் தெரியாத எழுத்தர்கள் ஓலையில் எழுத்தாணியால் மொழிபெயர்ப்பைப் பதித்தார்கள். 1708-இல் சீகன்பால்கு தொகுத்த தமிழ் நூற்பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தலைப்புகள் உள்ளன. அந்தச் சுவடிகளை ஊர் ஊராகத் தேடி வாங்கி வந்தவர்கள் தமிழர்கள்தாம். கொன்றை வேந்தனும் உலகநீதியும் நீதிவெண்பாவும் ஜெர்மன் மொழிக்குப் போனது அவர்கள் சொன்ன பொருளில்தான்.

டேனிஷ் அரசர், ஜெர்மன் கல்வி, ஆங்கிலப் பணம் என்று எல்லாப் புத்தகங்களும் இந்தக் கூட்டுறவை எழுதுகின்றன. நான்காவது கூட்டாளியை அடிக்குறிப்பில் வைத்துவிடுகின்றன. இதை என்னால் ஏற்க முடியவில்லை. மற்ற மூவரும் இல்லாமல் அச்சு கொஞ்சம் தாமதமாக வந்திருக்கும். இவர்கள் இல்லாமல் அச்சிட ஒன்றுமே இருந்திருக்காது.

கூட்டுறவு இனிமையாகவும் இருந்துவிடவில்லை. தரங்கம்பாடியின் டேனிஷ் ஆளுநரே 1708 கடைசியில் சீகன்பால்குவைப் பிடித்து இதே கோட்டையில் நான்கு மாதம் அடைத்து வைத்தார். பின்னாளில் கோபன்ஹேகனில் இருந்த மிஷன் நிர்வாகம், பள்ளிக்கும் கட்டடத்துக்கும் அச்சுக்கும் இவ்வளவு செலவா என்று கடிந்து எழுதியது. புதிய எருசலேம் ஆலயத்தில் பீடத்தின் முன் அவரது கல்லறையைப் பார்த்தேன். முகப்பில் மன்னரின் முத்திரையோடு 1718 என்று பொறித்திருக்கிறது. ஆலயம் முடிந்த நான்கு மாதத்தில், 1719 பிப்ரவரி 23 அன்று, முப்பத்தாறு வயதில் அவர் இறந்தார். பழைய ஏற்பாட்டில் ரூத்வரைதான் முடித்திருந்தார். மீதியை அவருக்குப் பின் பணியை ஏற்ற பெஞ்சமின் சூல்ட்சே முடித்து 1728-இல் அச்சு நிறைவேறியது.

அதன்பின் இந்தக் கூட்டு சென்னைக்கும் பரவியது. லண்டன் ஆங்கிலிக்கன் சங்கத்தின் சம்பளத்தில் லுத்தரன் போதகர்கள் ஏறத்தாழ நூறாண்டு தமிழ்நாட்டில் வேலை செய்தார்கள். 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த பிரெஞ்சு அச்சியந்திரம் சென்னை வேப்பேரிக்கு வந்தது. ஆங்கிலேயக் கம்பெனியின் வேலை வந்தால் அதை முதலில் அச்சிட வேண்டும் என்ற நிபந்தனையோடு, அங்கிருந்த பப்ரீசியஸ் என்ற லுத்தரன் போதகரின் கையில் ஒப்படைக்கப்பட்டது. அவர் திருத்திய வேதாகமத்தைத் தமிழ் லுத்தரன்கள் நெடுங்காலம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். 1779-இல் அவர் வேப்பேரியில் வெளியிட்ட தமிழ்-ஆங்கில அகராதியை, ஜெர்மனியின் லைப்சிக் மிஷன் விரிவாக்கி 1897-இல் தரங்கம்பாடியில் பதிப்பித்தது. அதன் நான்காம் பதிப்பு 1972-இல் இதே ஊர்ப் பெயரைத் தாங்கி வந்தது. இன்று இணையத்தில் தமிழ்ச் சொல்லுக்கு ஆங்கிலப் பொருள் தேடுகிற எவரும் பப்ரீசியஸைத் தொடாமல் போவது கடினம். முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டபோது ஸ்வீடன் சபை வந்து பொறுப்பை ஏற்றது, வேலை நிற்கவில்லை. 1995-இல் வந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் கத்தோலிக்கரும் சீர்திருத்த சபையாரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஹென்ரிக்கஸும் சீகன்பால்குவும் கனவிலும் நினைத்திராத கூட்டு.

மறுநாள் பொறையாருக்குப் போனேன். காகித ஆலையின் தடம் எதுவும் என் கண்ணில் படவில்லை. 1956-இல் தரங்கம்பாடியின் முதல் இந்தியப் பேராயரான ராஜா மாணிக்கத்தின் பெயரில் இங்கே கல்லூரி நடக்கிறது. வாசலில் டீக்கடை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த வயதான போதகர் ஒருவரிடம் குந்தி மாவட்டத்து இளைஞரைப் பற்றிச் சொன்னேன். திருப்பூரில் மட்டும் அவரைப் போல எத்தனையோ பேர், அவர்களும் நம் சபையாரும் சேர்ந்து பாட, இந்தியும் முண்டாரியும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒரு சிறு புத்தகம் போட்டால் என்ன, ராஞ்சியும் திருச்சியும் சேர்ந்தால் முடியாதா என்று கேட்டேன்.

"முடியும் தம்பி," என்றார். "எழுத்தெல்லாம் கம்ப்யூட்டர்ல இருக்கு. காசும் பெரிய காசு இல்ல. பக்கத்துல வந்து உக்காந்து பாடுறவன் யாருன்னு நாம கேக்கணும், அவ்வளவுதான்."

பிறகு அவராகவே ராஜநாயக்கனைப் பற்றிப் பேசத் தொடங்கினார். தஞ்சை அரசின் படையில் வேலை செய்தவர். பறையர் குலத்துக் கத்தோலிக்கக் குடும்பம். 1725 வாக்கில் ஊர் சுற்றும் ஒரு பண்டாரத்தின் கையில் ஒரு புத்தகத்தைப் பார்த்து இரவல் வாங்கினார். அது 1714-இல் தரங்கம்பாடியில் அச்சான சுவிசேஷங்களும் நடபடிகளும். லண்டன் இயந்திரத்தில் அச்சாகி, ஒரு சைவத் துறவியின் மூட்டையில் ஏறி, ஒரு படைவீரனிடம் வந்து சேர்ந்திருக்கிறது. அதைப் படித்துவிட்டு 1727-இல் அவர் தரங்கம்பாடிக்கே வந்தார். உபதேசியாராகித் தஞ்சை நாட்டில் அடியும் ஏச்சும் வாங்கிக்கொண்டு ஊர் ஊராக வாசித்துக் காட்டினார். 1733-இல் முதல் தமிழ்ப் போதகராக ஆரோன் அபிஷேகம் பெற்றார். அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கும் நேரம் வந்தபோது, தகுதியில் ராஜநாயக்கனுக்குக் குறைவில்லை என்று மிஷனரிகளுக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றச் சாதியார் வர மாட்டார்கள் என்று கணக்குப் போட்டு 1741-இல் தியோகு என்பவரை அபிஷேகம் செய்தார்கள். ராஜநாயக்கன் 1771-இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.